வாளேந்திய குதிரை வீரன் யாருக்குச் சொந்தம்? லிதுவேனியாவின் கிராண்ட் டியூக்குகளும் தீராத வாரிசுச் சண்டையும்

2025 ஜனவரியில் லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில் இருந்து வந்த ஒரு செய்தியை, சினிமாவில் வைத்திருந்தால் 'இதெல்லாம் ஓவர்' என்று சொல்லியிருப்போம். நகரின் நடுவில் இருக்கும் கதீட்ரல் தேவாலயத்தின் நிலவறை. அங்கே சுவருக்குள் ஒரு பொந்து. டாக்டர்கள் வயிற்றுக்குள் விட்டுப் பார்ப்பார்களே, அதே எண்டோஸ்கோப்பி வகைக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தால், செய்தித்தாளில் சுற்றிய பொட்டலங்கள். தாளில் இருந்த தேதி 1939 செப்டம்பர். பிரித்தால் கிரீடங்கள், செங்கோல், உருண்டை, மோதிரங்கள், சவப்பெட்டித் தகடுகள்.

மூன்று பேருக்கு உரியவை இவை. ஒருவர் அலெக்சாண்டர். லிதுவேனியாவின் கிராண்ட் டியூக், அதாவது பெருங்கோமகன்; போலந்துக்கும் மன்னர். 1506ல் இறந்தவர். மற்ற இருவரும் பெண்கள்: ஆஸ்திரியாவின் எலிசபெத், பார்பரா ராட்ஸிவில். இரண்டு பேருமே சிகிஸ்மண்ட் அகஸ்டஸ் என்ற ஒரே மன்னரின் மனைவிகள், அடுத்தடுத்து. உயிரோடு இருந்தபோது சூடிய கிரீடங்கள் இல்லை இவை. அடக்கம் செய்யும்போது உடன் வைப்பதற்கென்றே செய்தவை.

1931 வசந்தத்தில் வந்த வெள்ளம் கதீட்ரலின் அடித்தளத்தைப் பதம் பார்த்தது. பழுது பார்க்க இறங்கியவர்கள் கண்ணில்தான் முதலில் இந்தக் கல்லறைகள் பட்டன. எட்டு வருடம் கழித்து இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் பொருட்களை எடுத்து மறைத்தார்கள். மறைத்தது தெரியும், எங்கே என்று தெரியாது. 85 வருடம் இப்படியே போனது. 2024 டிசம்பரில் மறுபடி கையில் கிடைத்தன.

சரி, கிடைத்தது யாருடைய பாரம்பரியம்? லிதுவேனியா 'எங்களுடையது' என்கிறது. அலெக்சாண்டர் போலந்து மன்னரும்கூட என்பதால் போலந்துக்கும் அதில் பங்கு உண்டு. பார்பராவின் குடும்பமான ராட்ஸிவில்களின் புகழ்பெற்ற நியாஸ்விஷ் மாளிகை இருப்பதோ இன்றைய பெலாரஸில். இந்த இழுபறி புதிதும் இல்லை, வெறும் அருங்காட்சியகச் சண்டையும் இல்லை. இதே பெருங்கோமகன்களின் சின்னத்தைக் கையில் பிடித்ததற்காக, பக்கத்து நாட்டில் இன்றைக்கும் ஆட்களைப் பிடித்து உள்ளே போடுகிறார்கள்.

எப்படி இந்த நிலை வந்தது என்று புரிய வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

காட்டுக்குள் இருந்து கருங்கடல் வரை

இன்றைய லிதுவேனியா சுமார் 65,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சின்ன நாடு. ஆனால் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'லிதுவேனியப் பெருங்கோமகவை' என்ற நாடு ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய நாடுகளில் ஒன்று. பால்டிக் கடல் பக்கம் தொடங்கி, இன்றைய பெலாரஸ் முழுவதையும் உக்ரைனின் பெரும்பகுதியையும் தாண்டி, கருங்கடல் கரை வரை நீண்டது.

தொடக்கம் மிண்டவ்காஸ் என்பவரிடம் இருந்து. சிதறிக் கிடந்த லிதுவேனியத் தலைவர்களைத் தன் கீழே கொண்டுவந்தவர். 1251ல் கிறிஸ்தவரானார், 1253ல் மன்னராக முடிசூடினார். லிதுவேனியாவுக்கென்று முடிசூடிய ஒரே மன்னர் அவர்தான். இன்றைக்கும் ஜூலை 6 அங்கே அரசு விடுமுறை, அந்த முடிசூட்டலின் நினைவாக. 1263ல் அவரைக் கொலை செய்துவிட்டார்கள். நாடு திரும்பப் பழைய தெய்வங்களிடமே போய்விட்டது.

அடுத்த பெரிய பெயர் கெடிமினாஸ். 1316 வாக்கில் ஆட்சிக்கு வந்தார். 1323ல் ஐரோப்பிய நகரங்களுக்குக் கடிதங்கள் அனுப்பினார்: வியாபாரிகளே வாருங்கள், கைவினைஞர்களே வாருங்கள், இடம் தருகிறோம், சலுகை தருகிறோம் என்று. இன்றைய 'இன்வெஸ்டர்ஸ் மீட்' அழைப்பிதழ் மாதிரிதான். அந்தக் கடிதத்தில் வில்னியஸின் பெயர் வருவதால், அதையே நகரின் பிறந்த தேதியாக வைத்து 2023ல் 700வது ஆண்டைக் கொண்டாடினார்கள்.

கெடிமினாஸின் சாமர்த்தியம் கல்யாணப் பந்தலில்தான் தெரியும். அவர் சாகும்வரை பழைய வழிபாட்டை விடவில்லை. ஆனால் மகள்கள்? ஒருத்தி கத்தோலிக்கராகிப் போலந்துக்கு மருமகளாகப் போனார். இன்னொருத்தி ஆர்த்தடாக்ஸ் ஆகி மாஸ்கோ இளவரசனைக் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன மதமோ, பெண்ணுக்கு அந்த மதம். அப்பா மட்டும் எந்தப் பக்கமும் சாயாமல் இரண்டு பக்கமும் பேரம் பேசிக்கொண்டிருந்தார். மேற்கே, 'மதம் மாற்றுகிறோம்' என்ற பெயரில் படையெடுத்துக்கொண்டே இருந்த டியூட்டானிக் மாவீரர் அமைப்பைச் சமாளிக்க அவருக்கு இருந்த வழிகளில் அதுவும் ஒன்று.

அவர் மகன்கள் அல்கிர்தாஸும் கெஸ்டூட்டிஸும் அண்ணன் தம்பியாக வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். தம்பி மேற்கே மாவீரர்களோடு மோத, அண்ணன் கிழக்கே விரிந்தார். 1362ல் 'நீல நீர்' என்று பெயர் பெற்ற போரில் மங்கோலியர் வழிவந்த தார்த்தாரியரை வென்றார். கீவ் அவர் கைக்கு வந்தது. அங்கே ஆள அவர் மகன்களில் ஒருவரை உட்கார வைத்தார்.

இங்கேதான் கதையின் முடிச்சு. நாடு விரிய விரிய, அதில் லிதுவேனியர்கள் சிறுபான்மை ஆனார்கள். ஆள்பவர்கள் லிதுவேனியர், ஆளப்படுபவர்களில் பெரும்பாலோர் ஸ்லாவிய மொழி பேசிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், இன்றைய பெலாரஸியர்கள், உக்ரைனியர்களின் முன்னோர்.

(மொழி பற்றி ஒரு சின்ன இடைச்செருகல்: லிதுவேனியம் ஸ்லாவிய மொழி இல்லை. பால்டிக் என்ற தனிக் கிளை. மிகப் பழைய வடிவங்களை அப்படியே காப்பாற்றி வைத்திருப்பதால் மொழியியலாளர்களுக்குச் செல்லப்பிள்ளை. கடவுளுக்கு 'தியேவாஸ்', ஆணுக்கு 'வீராஸ்', நெருப்புக்கு 'உக்னிஸ்'. தேவன், வீரன், அக்கினி என்று சமஸ்கிருதம் வழியாக நாம் பழகிய சொற்களுக்கு இவை தூரத்துச் சொந்தம்.)

பங்காளிகள்

அல்கிர்தாஸ் 1377ல் இறந்ததும் மகன் யோகைலா ஆட்சிக்கு வந்தார். சித்தப்பா கெஸ்டூட்டிஸ் இன்னும் உயிரோடு, பலத்தோடு. அப்புறம் என்ன, பங்காளிச் சண்டைதான். 1382ல் சித்தப்பாவும் அவர் மகன் விட்டாவ்டாஸும் யோகைலாவிடம் சிக்கினார்கள். கிரேவா கோட்டையில் சிறையில் இருந்த கெஸ்டூட்டிஸ் சில நாட்களில் பிணமாகக் கிடந்தார். விட்டாவ்டாஸ் தப்பித்தார். பணிப்பெண்ணின் உடையைப் போட்டுக்கொண்டு வெளியேறினார் என்பது காலம்காலமாகச் சொல்லப்படும் கதை. தப்பியவர் நேராகப் போய்ச் சேர்ந்தது, அப்பா காலமெல்லாம் எதிர்த்துப் போரிட்ட டியூட்டானிக் மாவீரர்களிடம்!

யோகைலாவின் அடுத்த நகர்வு ஐரோப்பாவின் வரைபடத்தையே மாற்றியது. போலந்தில் யாத்விகா என்ற சிறுமி அரியணையில் இருந்தார். ராணி என்றுகூட இல்லை, 'மன்னர்' என்றே முடிசூட்டப்பட்டவர். 1385ல் ஒப்பந்தம் ஆனது. 1386ல் யோகைலா ஞானஸ்நானம் பெற்று, அந்தப் பெண்ணை மணந்து, போலந்தின் மன்னரானார். மணப்பெண்ணுக்கு அப்போது வயது 12 வாக்கில். மாப்பிள்ளை அவரைவிட வெகு மூத்தவர். அரசியல் கல்யாணங்களை 'ராஜதந்திரம்' என்று ஒரே வார்த்தையில் கடந்துபோகிறோம், அந்தப் பெண் பக்கம் நின்று பார்த்தால் அந்த வார்த்தை அவ்வளவு அழகாக இல்லை.

1387ல் லிதுவேனியா அதிகாரப்பூர்வமாகக் கத்தோலிக்க நாடானது. ஐரோப்பாவில் கிறிஸ்தவத்துக்கு மாறிய கடைசி அரசு இதுதான்.

பங்காளிகள் 1392ல் சமாதானம் ஆனார்கள். போலந்து யோகைலாவுக்கு, லிதுவேனியா நடைமுறையில் விட்டாவ்டாஸுக்கு. 1410 ஜூலை 15 அன்று இருவரும் சேர்ந்து டியூட்டானிக் மாவீரர்களை நொறுக்கினார்கள். அந்தப் போருக்குப் போலந்தில் பெயர் குருன்வால்ட், லிதுவேனியாவில் 'ஜால்கிரிஸ்'. கூடைப்பந்து பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும், கவுனாஸ் நகரின் புகழ்பெற்ற கிளப் அதுதான். இரண்டு வாள்களைக் குறுக்காகத் தூக்கிப் பிடித்த யோகைலாவின் குதிரைச் சிலை ஒன்று நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் நிற்கிறது. 1939 உலகக் கண்காட்சியின் போலந்து அரங்குக்காக வந்தது, போர் மூண்டதால் அங்கேயே தங்கிவிட்டது.

விட்டாவ்டாஸுக்கு ஒரே ஒரு குறை: கிரீடம். கிராண்ட் டியூக்தான், மன்னர் இல்லை. 1429ல் புனித ரோமப் பேரரசைச் சேர்ந்த சிகிஸ்மண்ட் 'உனக்கு நான் கிரீடம் தருகிறேன்' என்றார். லிதுவேனியா தனி ராஜ்யம் ஆகிவிட்டால் கூட்டு உடைந்துபோகுமே என்று போலந்துப் பிரபுக்களுக்குப் பதற்றம். தூதர்களை வழியிலேயே மறித்தார்கள். முடிசூட்டு விழாவுக்கு நாள் குறித்து, விருந்தாளிகளெல்லாம் கூடியும் கிரீடம் வரவில்லை. 1430 அக்டோபர் 27 அன்று, 80 வயதை நெருங்கிய விட்டாவ்டாஸ் திராகாய் கோட்டையில் இறந்துபோனார்.

வராத அந்தக் கிரீடம் லிதுவேனியர்களின் மனதில் இன்னும் உறுத்துகிறது. 1930ல், அவர் இறந்து 500வது ஆண்டை நாடே கொண்டாடியது. அப்போது வில்னியஸ் போலந்தின் பிடியில் இருந்ததை நினைத்துப் பார்த்தால், அந்தக் கொண்டாட்டம் வெறும் வரலாற்று விழா இல்லை என்பது புரியும். விட்டாவ்டாஸ் ஹீரோ, போலந்துக்குப் போன யோகைலா கிட்டத்தட்ட வில்லன். போலந்தில் அதே யோகைலா பெரும் அரச வம்சத்தின் மூலவர். கிராகோவின் யகியெலோனியப் பல்கலைக்கழகம் அவர் வம்சத்தின் பெயரில்தான் இருக்கிறது. 1990ல் சோவியத் யூனியனில் இருந்து விடுதலையை அறிவித்த லிதுவேனியத் தலைவரின் பெயர் விட்டாவ்டாஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ். அந்த நாட்டில் இன்றும் மிண்டவ்காஸ், கெடிமினாஸ், அல்கிர்தாஸ் எல்லாம் சாதாரண ஆண்பிள்ளைப் பெயர்கள்.

சட்டப் புத்தகம் எந்த மொழியில்?

இந்த நாட்டின் பெருமைமிக்க சாதனைகளில் ஒன்று அதன் சட்டத் தொகுப்பு. 1529, 1566, 1588 என மூன்று பதிப்புகள். மூன்றாவது பதிப்பு, நாடே காணாமல்போன பிறகும், ரஷ்யப் பேரரசின் கீழ் 1840 வரை நடைமுறையில் இருந்தது.

லிதுவேனியச் சட்டம் என்று பெயர். ஆனால் எழுதப்பட்ட மொழி ருத்தேனியம். ஸ்லாவிய மொழி, சிரிலிக் எழுத்து. அரசு ஆவணங்கள் அந்த மொழியில்தான் எழுதப்பட வேண்டும் என்று சட்டமே சொன்னது. பெலாரஸியர்கள் இதைப் 'பழைய பெலாரஸியம்' என்கிறார்கள். உக்ரைனியர்கள் 'பழைய உக்ரைனியம்' என்கிறார்கள். லிதுவேனிய மொழியில் முதல் அச்சு நூல் 1547ல்தான் வந்தது. அதுவும் பெருங்கோமகவைக்கு வெளியே, பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில்.

இந்த ஒரு உண்மையில் இருந்துதான் மொத்தச் சண்டையும் கிளம்புகிறது. 'ஆண்ட வம்சம் எங்களுடையது, தலைநகர் எங்களுடையது, பெயரே எங்களுடையது' என்கிறது லிதுவேனியா. 'மக்கள் நாங்கள், மொழி எங்களுடையது, சட்டம் எங்களுடையது' என்கிறார்கள் பெலாரஸியர்கள். என்னைக் கேட்டால், இரண்டு பேர் சொல்வதிலும் பொய் கிடையாது. 14ஆம் நூற்றாண்டு ஆட்கள் 'தேசம்' என்று இன்றைக்கு நாம் நினைப்பதைப்போல நினைத்தவர்கள் இல்லை. கெடிமினாஸிடம் போய் 'நீங்கள் எந்தத் தேசிய இனம்?' என்று கேட்டால் கேள்வியே அவருக்குப் புரிந்திருக்காது.

இந்தக் குழப்பத்துக்கு ஆதாம் மிட்ஸ்கேவிச்சை விட நல்ல உதாரணம் இல்லை. பிறந்தது இன்றைய பெலாரஸில். எழுதியது போலிஷ் மொழியில். போலந்தின் தேசியக் காவியமாகக் கொண்டாடப்படும் அவருடைய 'பான் ததேயுஷ்' தொடங்குவதோ, லிதுவேனியாவைத் தாய்நாடே என்று விளித்து. மூன்று நாடுகளும் அவரை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

பார்பராவின் கடைசிப் பயணம்

கதீட்ரல் சுவருக்குள் கிடந்த பொருட்களில் லிதுவேனியர்களை அதிகம் உருக்கியது எது என்று கேட்டால், பார்பராவுடையதாகத்தான் இருக்கும். அந்த நாட்டின் லைலா மஜ்னு கதை அது.

சிகிஸ்மண்ட் அகஸ்டஸின் முதல் மனைவி எலிசபெத் 1545ல், 18 வயதில் இறந்துபோனார். விதவையாக இருந்த பார்பராவை மன்னர் 1547ல் ரகசியமாகத் திருமணம் செய்தார். மாமியார் போனா ஸ்ஃபோர்ஸா, இத்தாலியர், கடும் எதிர்ப்பு. போலந்துப் பிரபுக்களும் எதிர்ப்பு: ஒரு லிதுவேனியப் பிரபுவின் மகள் நமக்கு ராணியா? மன்னர் விடவில்லை. 1550 டிசம்பரில் கிராகோவில் முடிசூட்டியே தீர்த்தார். ஐந்தே மாதம். 1551 மே மாதம் பார்பரா இறந்தார், வயது 30. மாமியார் விஷம் வைத்தார் என்று ஊர் பேசியது. புற்றுநோயாக இருக்கலாம் என்பது இன்றைய ஆய்வாளர்களின் எண்ணம். அவர் விரும்பியபடியே உடல் வில்னியஸுக்கு வந்தது. கிராகோவில் இருந்து அவ்வளவு தூரமும் சவ ஊர்வலத்தோடு மன்னரும் வந்தார்.

சிகிஸ்மண்டுக்கு வாரிசு இல்லை. தனக்குப் பிறகு கூட்டு உடைந்துவிடக் கூடாது என்று 1569ல் லூப்லின் நகரில் இரண்டு நாடுகளையும் ஒரே அரசாக இணைத்தார். போகிற போக்கில் உக்ரைன் பகுதிகள் லிதுவேனியாவிடம் இருந்து போலந்துக்குக் கைமாறின. பெலாரஸும் உக்ரைனும் வேறு வேறு பாதையில் போனதற்கு அந்தக் கோடும் ஒரு காரணம். 1572ல் அவர் இறந்தார். யோகைலாவின் ஆண் வாரிசு வரிசை அத்தோடு முடிந்தது. 1795ல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. வில்னியஸில் இருந்த பெருங்கோமகன்களின் அரண்மனையை ரஷ்ய ஆட்சி இடித்துத் தள்ளியது. அதே இடத்தில் திரும்பக் கட்டி, 2013ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

ஒரே குதிரை, இரண்டு விதி

இப்போது அந்தக் குதிரை வீரன். சிவப்புப் பின்னணியில் வெள்ளைக் குதிரை, ஓங்கிய வாள், கேடயத்தில் இரட்டைச் சிலுவை. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் யோகைலா, விட்டாவ்டாஸ் காலத்தில் இருந்து பெருங்கோமகவையின் சின்னம். லிதுவேனியர்கள் 'வீட்டிஸ்' என்கிறார்கள், பெலாரஸியர்கள் 'பஹோனியா' என்கிறார்கள். பஹோனியா என்றால் விரட்டிச் செல்வது.

லிதுவேனியாவில் சோவியத் ஆட்சி இதைத் தடை செய்திருந்தது. இன்று அது அரசுச் சின்னம். பெலாரஸும் 1991ல் விடுதலை ஆனதும் இதையேதான் அரசுச் சின்னமாக எடுத்துக்கொண்டது. நான்கே வருடம். 1995ல் அதிபர் லூகாஷென்கோ நடத்திய பொது வாக்கெடுப்பில் குதிரை வீரனைத் தூக்கிவிட்டு, சோவியத் சாயலில் ஒரு சின்னத்தைக் கொண்டுவந்தார்கள். 2020 தேர்தல் முறைகேட்டை எதிர்த்து லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தபோது, அவர்கள் கையில் இருந்தது வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கொடியும் பஹோனியாவும். அதன் பிறகு அந்தக் கொடியைப் பால்கனியில் தொங்கவிட்டாலே கைது என்ற நிலை.

வேடிக்கை என்னவென்றால், அதே லூகாஷென்கோ ஆட்சியில்தான் வித்தெப்ஸ்க் நகரில் 2014ல் அல்கிர்தாஸுக்கும், லீடா நகரில் 2019ல் கெடிமினாஸுக்கும் சிலை வைத்தார்கள். டியூக் வேண்டும், அவர் சின்னம் வேண்டாம்!

2020க்குப் பிறகு எதிர்க்கட்சித் தலைவர் ஸ்வெத்லானா சிகானோவ்ஸ்காயா உட்படப் பல்லாயிரம் பெலாரஸியர்கள் தஞ்சம் புகுந்தது, வேறெங்கே, வில்னியஸில். வரவேற்ற லிதுவேனியாவுக்கு 2023 வாக்கில் ஒரு நெருடல் வந்தது. 'லிட்வினிசம்' என்ற வார்த்தை அங்கே விவாதப் பொருளானது. பெருங்கோமகவையின் உண்மையான வாரிசு பெலாரஸ்தான், வில்னியஸும் எங்களுடையதே என்று பேசும் ஒரு சின்னக் கும்பலின் கருத்துக்கு அந்தப் பெயர். பெலாரஸ் எதிர்க்கட்சியினர் தங்களுக்கு அப்படி எந்த எண்ணமும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. போலீஸுக்குப் பயந்து ஓடிவந்தவன், தான் பிடித்த கொடிக்கு அடைக்கலம் கொடுத்த வீட்டிலும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை.

மாஸ்கோவுக்கு இதில் என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. 2021 ஜூலையில், உக்ரைன் மீது படையெடுப்பதற்கு ஏழு மாதம் முன்பு, புதின் வெளியிட்ட நீண்ட வரலாற்றுக் கட்டுரையில் லிதுவேனியப் பெருங்கோமகவைக்கும் இடம் உண்டு. அவர் பார்வையில் அது ரஷ்ய நிலங்களும் சேர்ந்த ஒரு நாடு. ரஷ்யர், உக்ரைனியர், பெலாரஸியர் மூவரும் ஒரே மக்கள் என்ற அவரது வாதத்துக்கு அதையும் ஒரு படியாக வைக்கிறார். உக்ரைனும் பெலாரஸும் பல நூற்றாண்டுகள் மாஸ்கோவோடு சேராமல், வில்னியஸில் இருந்து ஆளப்பட்டன, வேறு சட்டத்தின் கீழ் வாழ்ந்தன என்ற பக்கத்தை அந்தக் கட்டுரை அடக்கி வாசிக்கிறது.

எதிர் முகாமும் சும்மா இல்லை. லிதுவேனியா, போலந்து, உக்ரைன் மூன்றும் 2020ல் அமைத்த கூட்டணிக்கு 'லூப்லின் முக்கோணம்' என்று பெயர், 1569ஐ நினைவுபடுத்த. மூன்று நாட்டு வீரர்களும் சேர்ந்த கூட்டுப் படைப்பிரிவுக்கு வைத்திருப்பது கொன்ஸ்டான்டின் ஓஸ்ட்ரோஸ்கியின் பெயர். 1514ல் ஓர்ஷா போரில் மாஸ்கோ படையைத் தோற்கடித்த லிதுவேனியத் தளபதி அவர்; இன்றைய உக்ரைன் மண்ணைச் சேர்ந்த ஆர்த்தடாக்ஸ் பிரபு.

இத்தனை பேர் சொந்தம் கொண்டாடும் நாட்டின் அசல் ஆவணங்கள் எங்கே இருக்கின்றன தெரியுமா? பெருங்கோமகன்களின் அரசு அலுவலகம் தான் அனுப்பிய ஆணைகளையும் தீர்ப்புகளையும் நிலக் கொடைகளையும் நகலெடுத்து வைத்த பதிவேடுகள் 'லிதுவேனிய மெட்ரிகா' எனப்படுகின்றன. நாடு பங்கு போடப்பட்ட காலத்தில் ரஷ்யர்கள் அவற்றை வண்டியேற்றிக் கொண்டுபோனார்கள். வில்னியஸ், மின்ஸ்க் என இரண்டு ஊர் அறிஞர்களும் அதன் தொகுதிகளைத் தனித்தனியாகப் பதிப்பித்து வருகிறார்கள். மூலப் பதிவேடுகளில் பெரும்பாலானவை இன்றுவரை மாஸ்கோவின் ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கின்றன.